மெய்ப்புப் பார்ப்பவருக்கு யார் துணை?

மூலக்குளத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பேன். சம்பளம் கிடையாது, கூட வேலை செய்கிறவர்கள் முகமும் தெரியாது. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தா பக்கத்துல கேட்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் இணையத்தில் எதைத் திறப்பது, அதை எவ்வளவு நம்புவது? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

இந்த மாதிரி வேலைக்கு மதுரைத் திட்டம் முன்னோடி. 1998 பொங்கலில் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவர்கள் செய்ததன் மேல்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லணும். அதன் பழைய கோப்புகள் பலவற்றில் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள் என்பது இருக்காது. ஒரு எழுத்து உதைத்தால் அது அச்சுக்காரர் பிழையா, தட்டச்சுப் பிழையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

விக்கிமூலம் இந்த இடத்தில் மேல். எழுத்துக்குப் பக்கத்திலேயே அச்சுப் பக்கத்தின் படம் இருக்கிறது. ஒருவர் பார்த்தால் மஞ்சள், இன்னொருவரும் பார்த்தால் பச்சை. எழுத்துணரி 'ர'வையும் துணைக்காலையும் குழப்பும். தமிழ் எண் '௧' அதற்கு 'க'வாகத்தான் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால் பழைய 'ணை', 'றா' எல்லாம் அதன் கையில் படாத பாடு படும். இதையெல்லாம் படத்தைப் பார்த்தே தீர்த்துவிடலாம்.

சிக்கல் வருவது நாம் ரொம்பத் தெரிந்தவர்கள் ஆகும்போது. ஒரு நூலில் 'கோவில்', 'கோயில்' ரெண்டும் மாறி மாறி வந்தது. நான் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) திறந்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 'கோயில்' ஆக்கினேன். மஞ்சளும் போட்டேன். லெக்சிகன் மேல் தப்பில்லை; தப்பு என்னுடையது. ஒரு சொல் தமிழில் உண்டா என்று அது சொல்லும். இந்த ஆசிரியர் இந்தப் பக்கத்தில் எதை எழுதினார் என்பது அதற்குத் தெரியாது. நாளைக்கு ஒருத்தர் அந்தக் கால எழுத்துவழக்கை எண்ண வந்தால், என் திருத்தத்தை அல்லவா எண்ணிக்கொண்டிருப்பார்?

எங்க ஊர் விஷயம் என்றால் அகராதியை விட இணை நூல்தான் உதவும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பிரெஞ்சுக்காரர் பெயர்கள் தமிழ் ஒலியில் உருமாறிக் கிடக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. இணைய ஆவணக்காப்பகத்தில் கிடைக்கிறது. நாட்குறிப்பு என்பதால் தேதியைப் பிடித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆனால் அதை வைத்துத் தமிழ்ப் பக்கத்துப் பெயரைத் 'திருத்த'க் கூடாது. ஆளைத் தெரிந்துகொள்ள மட்டும்.

2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் தளத்தைப் பற்றி, பெரும்பாலும் படங்கள்தானே, உள்ளே சொல் தேட முடியவில்லையே என்று முன்பு குறைபட்டுக்கொண்டிருந்தேன். இப்போ அந்தக் குறை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. படத்தில் யாரும் 'கோவில்'ஐக் 'கோயில்' ஆக்க முடியாது.

போன வாரம் அந்த நூலுக்குத் திரும்பிப் போய், படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு 'கோவில்'ஆக மீட்டேன். பதினோரு பக்கம் முடிந்தது. மீதி இன்றைக்கு ராத்திரி.