ஆங்கிலம் பயில்வார்க்குத் திருவாசக மொழிபெயர்ப்பு

1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் ஈழநாட்டினின்றும் நீங்கிக் கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடிபுகுந்த சைவர் பலர், பின்னர்த் தம் பெற்றோரையும் ஆங்கு வருவித்துக்கொண்டனர். எமது திருச்செங்கோட்டினின்றும் அங்ஙனம் பிள்ளைகள்பாற் சென்ற முதியோர் உளர். இலண்டனிலுள்ள எம் மருகர், எழுபது கடந்த தம் அன்னையாராகிய எம் தமக்கையார்க்குப் போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பைக்கொண்டு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினர். அன்னையார் தமிழ் மூலத்தைக் கண்ணீர் மல்க ஓதிவிட்டு, ஆங்கிலம் வந்தவுடன் வாய்மூடி விடுகின்றனர் என எழுதி, இதன் காரணம் யாது என வினாவினர். அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருமுறையை மொழிப்பயிற்சிக்குக் கருவியாக்குதல் குற்றமாமோ எனின், அன்று. யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் பள்ளிகளில் ஆங்கிலமும் விவிலியமும் உடன் பயிற்றப்பட்டன. அத்தகைய பள்ளியிற் பயின்று, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், அம்முறையின் வலிமையை உள்ளிருந்தே கண்டவர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடங்களும் எழுதி, எழுத்தறிவையும் சைவத்தையும் ஒருங்கே ஊட்டினார். பொருள் முன்னரே நெஞ்சில் இருப்பின், கற்பார்க்குப் புதியது சொல் ஒன்றே. முதுமையிற் கற்பார்க்கு இதனினும் சிறந்த ஊன்றுகோல் இல்லை.

எனவே, குறை முறையிலன்று; தேர்ந்த நூலிலாம். 1900-இல், தமது எண்பதாம் வயதில், 51 பகுதிகளையும் தமிழ் மூலத்தோடு ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட போப்பையரின் உழைப்பு போற்றற்குரியதே. ஆயினும் அது செய்யுணடை. இறைவனை விளிக்க அவர் ஆளும் 'தௌ', 'தீ' என்பன இக்காலப் பொதுவழக்கின் நீங்கியவை. மருத்துவரிடம் தம் நோயைக் கூறவேண்டிய மூதாட்டியார்க்கு அவை உதவா.

பொருளிலும் இடர் உண்டு. உயிரைச் 'சோல்' எனவும், அருளைக் 'கிரேஸ்' எனவும் வழங்குகின்றனர். கிறித்தவர் கொள்கையில் உயிர் இறைவனாற் படைக்கப்பட்டது. நம் சித்தாந்தத்திலோ அஃது அநாதி. அருள் இறைவனின் வேறாய கொடையன்று. அவனிற் பிரிவிலாச் சத்தியே. ஆணவமலத்தைச் 'சின்' என்பாரும் உளர். 'சின்' ஒருவன் செய்யும் குற்றம். ஆணவமோ செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உடனாயது. பொருளையறிந்த முதியோர் இவற்றான் மயங்கார். உடனிருந்து கேட்கும் பேரப்பிள்ளைகளோ சொல்வழியே பொருளையும் மாறாகக் கொள்வர். இதுவே யாம் அஞ்சுவது.

எம்மூர் மலைமேல் எழுந்தருளிய அர்த்தநாரீசுவரரைப் பற்றிச் சொல்லுங்கால் 'ஹீ' என்பதா, 'ஷீ' என்பதா எனப் பேரன் வினாவ, தமக்கையார் திகைத்தனராம். தமிழில் 'அவர்' என்னும் ஒருசொல் அம்மைக்கும் அப்பர்க்கும் ஒப்ப அமைகின்றது. ஆங்கிலச் சுட்டுப்பெயரோ இரண்டில் ஒன்றைத் தேர்க எனக் கற்பாரை நெருக்குகின்றது. இத்திகைப்பு இழுக்கன்று, நற்பாடமேயாம். சிவஞானபோத முதற்சூத்திரம் ஆண், பெண், அஃறிணை என்னும் மூவகைச் சுட்டால் உலகை எடுத்துக்கூறித் தொடங்குகின்றது. ஆங்கிலத்தின் தொடக்கப் பாடமும் அம்மூன்றே. 'ஹீ, ஷீ, இட்' என்பவற்றைப் பேரன் பாட்டிக்குக் கற்பிக்க. அம்மூன்றும் தோன்றி நின்று ஒடுங்குதற்கு ஒரு முதல்வன் உண்டென்பதைப் பாட்டி பேரனுக்குக் கற்பிக்க.

ஆதலின் முதற்கண் நாயன்மார் சரிதங்களைச் சிறுசிறு வாக்கியங்களாய் எளிய ஆங்கில உரைநடையில் எழுதிப் படிப்பிக்க. குயவராகிய திருநீலகண்டர், வேடராகிய கண்ணப்பர், வண்ணாராகிய திருக்குறிப்புத் தொண்டர், பரதவராகிய அதிபத்தர் என்போர் வரலாறுகளில் வீடு, உணவு, மழை, மீன், கண், கால் என நாள்தோறும் வேண்டுஞ் சொற்கள் தாமே வந்தமையும். பதி, பசு, பாசம், மலம் என்பவற்றை மொழிபெயராது அவ்வாறே வைக்க. போப்பையர் நூல் பேரப்பிள்ளைகள் வளர்ந்தபின், பாட்டியின் உரையோடு வைத்துக் கற்றற்குரியது.

தமக்கையார் ஆங்கிலத்தில் வாய்மூடியது அறியாமையானன்று. அறுபதாண்டு அழுதோதிய ஒன்றை எழுத்துக்கூட்டிப் படிக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. புகுந்த நாட்டில் ஒரு சொல்லுக்கும் பிறரை எதிர்பார்த்திருக்கும் முதியோர்க்கு, தாம் ஆசிரியராய் இருத்தற்குரிய ஓரிடம் திருமுறையே. அவ்விடத்தும் அவரை மாணாக்கராக்கிவிடாமை பிள்ளைகளின் கடனாம்.

சிவம்.