ரயில் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகிற வண்டியைச் சில நாள் லூப் லைனில் ஒதுக்கிவிடுவார்கள். பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் தடதடவென்று தாண்டிப் போகும். சற்றுப் பொறுத்து பாயின்ட் திரும்பும், சிக்னல் மாறும், நம் வண்டி நகரும். எது முடிந்ததால் எது நடந்தது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கவனித்தவர்கள் இந்த ஊர்ப்பக்கம் நிறையப் பேர் உண்டு. கம்ப்யூட்டர் இயக்கும் மாதிரி ரயில் கண்காட்சியை ரசிக்க அந்தக் கண் போதும்.

நம் நாட்டில் இதைப் பார்க்கப் பெயர்பெற்ற இடம் புனே. பாவ் ஜோஷி என்று அறியப்படும் பி. எஸ். ஜோஷி, தன் நெடுநாள் பொழுதுபோக்கை 1998இல் கோத்ரூட் பகுதியில் காட்சியகமாகத் திறந்தார். சர்க்கஸ், ரோப்வே, டிரைவ்-இன் தியேட்டர் எல்லாம் உள்ள ஒரு குட்டி நகரத்தினூடே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ரயில்கள் ஓடும். உலக அளவில் பெரியது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட். அங்கே தண்டவாள நீளமே 16 கி.மீ.க்கு மேல். இவை இரண்டும் இருந்த இடத்தில் இருப்பவை. இன்னொரு வகைதான் மாட்யூல் ரயில்: ஆளுக்கொரு பலகையை வீட்டில் செய்து, வண்டியில் ஏற்றிவந்து, மண்டபத்தில் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, சில நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிக்கொண்டு போவது. என் மனம் இந்த வகையின் பக்கம்தான். முன்பின் பார்த்திராத இருவர் செய்த பலகைகள் மண்டபத்தில் முதல் முறையாகச் சேர்ந்ததும் அவற்றின் மேல் ரயில் ஓடுகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

அது ஓடுவதற்குக் காரணம், பலகையின் முனைகளுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு இருப்பதுதான். 1970களில் கலிஃபோர்னியாவில் உருவான என்-டிராக் முறையில் தண்டவாளம் தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். பலகையில் ஓடும் மூன்று பாதைகளும் முனையில் குறிப்பிட்ட இடத்தில்தான் வெளிவர வேண்டும். ஐரோப்பாவின் ஃப்ரெமோ அமைப்பு எச்.ஓ. என்ற மாதிரி அளவுக்கு 1,300 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்திருக்கிறது. முனை மட்டும் பொது; நடுவில் உள்ள ஊர், ஏரி, வயல், வளைவு எல்லாம் அவரவர் விருப்பம். ஆகவே முதலில் இணைப்புகளைத் தேடுங்கள். குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, வண்டி ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பெட்டி துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளாமல் போனால் அங்கே யாரோ காகிதத் தடிமனுக்கு மல்லாடியிருக்கிறார் என்று பொருள். இந்தப் பக்கம் நாற்று நட்ட வயல், அந்தப் பக்கம் வெடித்த ஏரி என்று பருவம் தாவினால் இரு வேறு வீடுகளில் செய்த பலகைகள் அவை. குழுவாகத் திட்டமிட்டவர்கள் அந்த எல்லையை ஒரு பாலத்தாலோ ஏரிக்கரையாலோ மறைத்திருப்பார்கள்.

அடுத்து அளவு. எச்.ஓ. என்றால் 87இல் ஒரு பங்கு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள ஏறக்குறைய 37 கி.மீ.யை அப்படிச் சுருக்கினாலும் 425 மீட்டர் வரும். எந்தக் கல்யாண மண்டபத்திலும் அடங்காது. அதனால் மாதிரி செய்பவர் தூரத்தை வெட்டியே ஆக வேண்டும். எதை வெட்டினார், எதை விடவில்லை என்பதில் அவருடைய ரசனை தெரியும். 15 மீட்டர் பனைமரம் 17 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பலர் பத்தோடு நிறுத்திவிடுவார்கள். மரம் சரியான உயரத்தில் நின்றால்தான் ரயில் தன் இடத்தில் பொருந்தும். வேகத்துக்கும் இதே கணக்கு. மணிக்கு 110 கி.மீ. போகிற வண்டி எச்.ஓ. அளவில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர்தான் நகரும். ஒரு மீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகிறதா என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். அதைவிட விரைந்தால் அது விளையாட்டு ரயில்.

இந்திய மாதிரிகளில் இன்னொன்றும் உண்டு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அளவு. ஆகவே நம் ரயில் மாதிரிகள் பெரும்பாலும் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன. மீட்டர்கேஜ் செய்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 12 மில்லிமீட்டர் பாதை கிடைக்கிறது. கணக்குப்படி வேண்டியது 11.5. நம் தடத்தில் மீட்டர்கேஜ் மாதிரி செய்ய ஒரு அருமையான காரணமும் இருக்கிறது. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை 25,000 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் மீட்டர்கேஜ் ஓடியது; நாட்டில் அப்படி ஓடிய பாதை இது ஒன்றுதான். அதை இழுத்தது ஜப்பானிலிருந்து வந்த யாம்-1 என்ஜின். யாராவது ஒரு பலகையில் அந்த என்ஜினை வைகை எக்ஸ்பிரஸுக்கு முன்னால் மாட்டி ஓட்டினால், நான் அந்தப் பலகையை விட்டு நகர மாட்டேன்.

இனி கம்ப்யூட்டர். பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டினால் வண்டி ஓடும், நிறுத்தினால் நிற்கும். ஒரே பாதையில் இருந்த எல்லா வண்டிக்கும் அதே கதி. 1990களின் நடுவில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் ஏற்றுக்கொண்ட டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதோடு கட்டளைகளும் துடிப்புகளாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் உள்ள டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதற்குச் சாட்சி கண்முன்னே இருக்கும். ஸ்டேஷனில் நிற்கிற என்ஜினின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே அதே மின்சாரத்தை வாங்குகிற இன்னொன்று புறப்படும். புறப்படும் விதத்தையும் கவனியுங்கள். நல்ல டிகோடரைப் பொறுமையாக அமைத்திருந்தால், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததே கண்ணுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைப் படித்ததும், வந்தது யார் வண்டி என்று கருவிக்குத் தெரிந்துவிடும். மாதிரி ரயிலின் சாதாரண உணர்கருவிக்கு அது தெரியாது. பாதையைத் தனித்தனித் துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மின்சாரம் செலவானால் அங்கே ஏதோ ஒன்று நிற்கிறது என்று மட்டும் அது சொல்லும். யார் என்பதைக் கம்ப்யூட்டர் தானே நினைவில் வைத்திருக்க வேண்டும்: இந்தத் துண்டிலிருந்து இன்ன வண்டியை அனுப்பினேன், அடுத்த துண்டு விழித்தது, ஆகவே அங்கே வந்தது அதுதான். விளக்கில்லாத பெட்டி மின்சாரம் வாங்காது என்பதால், கடைசிப் பெட்டியின் அச்சில் சிறு மின்தடையை ஒட்டிவைப்பார்கள். இல்லாவிட்டால் வண்டியின் வால் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு கண்காட்சியே வேறு மாதிரி ஆகிவிடும். கூட்டம் ஓடுகிற ரயிலின் பின்னால் போகும். நீங்கள் போகாதீர்கள். வண்டிகள் ஒன்றையொன்று தாண்டும் ஒரு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள். முடிந்தால் கட்டுப்பாட்டுத் திரை தெரிகிற பக்கமாக நிற்பது நல்லது. ஹாம்பர்க்கில் திரைகள் நிறைந்த கட்டுப்பாட்டு அறையையே பார்வையாளர் காணும்படி வைத்திருக்கிறார்கள். லூப்பில் ஒரு வண்டி நிற்கிறது. திரையில் அதன் முன்னால் உள்ள துண்டு இன்னும் வேறொரு வண்டியின் பெயரில் இருக்கிறது. அந்த வண்டி கடந்துபோகிறது, துண்டு விடுபடுகிறது. உடனே நம் வண்டி கிளம்பிவிடாது. முதலில் அந்தத் துண்டு அதற்கென ஒதுக்கப்படும்; பிறகு பாயின்டின் நாக்கு மெதுவாக நகர்ந்து மறுபக்கத் தண்டவாளத்தோடு ஒட்டும்; அதற்குப் பின் சிக்னல்; கடைசியில்தான் வண்டி. இந்த வரிசை ஒருமுறைகூடப் பிசகக் கூடாது. என்ஜின் தாண்டியதும் சிக்னல் சிவப்புக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பினால் செய்தவர் உண்மையான ரயிலைக் கூர்ந்து பார்த்தவர்.

ஒரு வண்டி சுரங்கத்துக்குள் போய் வெகுநேரம் வராவிட்டால் கவலை வேண்டாம். மலைக்குப் பின்னாலோ பலகைக்கு அடியிலோ ஒளிந்த யார்டு இருக்கும். அடுத்தது யார் முறை என்று கம்ப்யூட்டர் அங்கேதான் முடிவு செய்கிறது.

விழுப்புரம் ஜங்ஷனை மனசில் வைத்துப் பார்த்தால் மாட்யூல் அமைப்பு சுலபமாகப் புரியும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கு அங்கே பாதை பிரிகிறது. மாட்யூல்காரர்கள் ஒரு ஜங்ஷன் பலகையை மண்டபத்தின் நடுவே வைத்து, ஒவ்வொரு கிளையையும் ஒரு மூலைக்கு நீட்டுவார்கள். ஐந்து கிளையிலிருந்தும் வண்டிகள் ஒரே சமயத்தில் பிளாட்பாரம் கேட்கும்போது யாரை உள்ளே விடுவது, யாரை ஹோம் சிக்னலுக்கு வெளியே நிறுத்துவது? மென்பொருளின் திறமை அங்கே தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. போன்ற மென்பொருளை வைத்தே பலர் இதைச் சாதிக்கிறார்கள்.

சில சமயம் எல்லாமே நின்றுவிடும். பாயின்ட் பாதியில் நின்றிருக்கலாம், சக்கரம் தடம் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கலாம், தண்டவாளத்தில் தூசி படிந்திருக்கலாம். பொதுமக்கள் நடமாடும் மண்டபத்தில் தூசிதான் பெரிய பகை. அப்போது அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடாதீர்கள். நன்றாகத் திட்டமிட்ட அமைப்பில் மின்சாரம் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஷார்ட் ஆன பகுதி மட்டும் அணையும், மற்ற கிளைகளில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். இயக்குபவர் கையால் ஒரு வண்டியை எடுத்து வேறு துண்டில் வைத்தால், அதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது இல்லாத வண்டிக்கு வழி ஒதுக்கிக்கொண்டே இருக்கும். பிரச்சினை தீர்ந்து அவர் மூச்சு விட்ட பிறகு போய்ப் பேசுங்கள். எத்தனை என்ஜின், என்ன விலை என்பதை எல்லோரும் கேட்பார்கள். எந்த இணைப்பு அதிகத் தொல்லை கொடுத்தது என்று கேளுங்கள். உங்களைப் பலகைக்கு அடியில் அழைத்துப்போய், குனியவைத்து, வயர் வயராகக் காட்டுவார். குழந்தையைக் கூட்டிப் போயிருந்தால் அதையும் குனியச் சொல்லுங்கள். மேலே உள்ள ஊரைவிடக் கீழே உள்ள வயர்களில் அது அதிக நேரம் நின்றுவிடக்கூடும்.