சங்கிலியில் ஒன்று, வளவில் ஒன்று

ராஜபாளையம் நாய் ஒரே ஆளுக்குத்தான் அடங்கும் என்று விருதுநகர்ப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகளில் இதற்கும் இடம் கிடைத்தது. அந்த அழகில் மயங்கி வாங்கியவர்கள் பலர், ஆறு மாதத்தில் அதை எப்படி அடக்குவது என்று திகைக்கிறார்கள்.

குற்றம் நாயின் மேல் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்பேன். பகலில் சங்கிலி, இரவில் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடுவது, சோறு வைப்பதும் ஒரே கை. அந்தக் கைக்காக அது உயிரையும் கொடுக்கும். மற்ற மனிதர் எல்லாரும் அதற்கு அந்நியர்தாம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் வேறு வழக்கம். வேலியடைத்த வளவுக்குள் ஊர்நாய்க்குட்டி அவிழ்ந்தே திரியும். பிள்ளைகள், அயல்வீட்டு மாமி, சைக்கிளில் வரும் மீன்காரர் என எல்லாரையும் மோந்து பார்த்தே வளரும். வந்தவர் படலையில் நின்று கூப்பிடுவார், நாய் குலைக்கும். வீட்டுக்காரர் “பேசாம இரடா” என்று அதட்டிவிட்டு, வந்தவரை உள்ளே அழைப்பார். யார் வரலாம் என்று சொல்லும் உரிமை வீட்டாருடையது என்பதை நாய் நாள்தோறும் பார்த்துப் பழகுகிறது. தனியாகப் பயிற்சி என்று எவரும் இதற்கு உட்காருவதில்லை.

ஸ்காட், புல்லர் என்ற ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூல், குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்கிறது. சங்கிலி களவாடுவது அந்த வாரங்களைத்தான்.

வளவு வளர்ப்பிலும் குறை உண்டு. எல்லாரையும் அறிந்த நாய், கூப்பிட்டால் வராது; ஒழுங்கைக்குள் ஓடி மோட்டார் சைக்கிளைத் துரத்தும். தடுப்பூசி போடாவிட்டால் வெறிநோய் அபாயமும் கூடும். கூப்பிட்ட குரலுக்கு வரவைப்பதில் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு நாய்க்காரர்களே கெட்டிக்காரர்கள். முயலின் பின்னால் பாயும் நாயைத் திருப்பி அழைத்தாக வேண்டுமே! இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அந்த வேட்டையைத் தடுத்தது. அது சரியான சட்டம். ஆனால் நாயின் காலில் உள்ள ஓட்டம் சட்டத்தோடு போய்விடவில்லை. வன்னியில் பயிரழிக்கும் காட்டுப்பன்றியை விரட்டும் வேலையாவது நாய்க்கு இருக்கிறது. சென்னை அடுக்குமாடியில் கட்டிக்கிடக்கும் ராஜபாளையத்துக்கு என்ன இருக்கிறது? விடியற்காலையில் நீண்ட கயிற்றில் ஓடவிட்டு, திரும்பி வரும்போதெல்லாம் ஒரு துண்டு கறி கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. அந்த வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய குறை அது. நிறமணுக்கள் இல்லாத உட்காது பிறந்த சில வாரங்களில் கெட்டுவிடுகிறது. அடம் என்று நினைத்து அடி வாங்கிய குட்டிகளை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. தூங்கும் குட்டியின் பின்னால், காற்று படாத தூரத்தில் நின்று கைதட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அத்தகைய நாயைத் தொடுமுன் அதன் கண்ணில் பட வேண்டும். கையசைவில் பழக்க வேண்டும். இருட்டில் டார்ச்சை அணைத்து எரித்து அழைக்கலாம். நன்றாகவே பழகும். தோட்டக் காவலுக்கு மட்டும் அதை அவிழ்த்துவிடக் கூடாது. பின்னால் வரும் டிராக்டர் அதற்குக் கேட்காது.