ஒரு நஞ்சுக்கு இரு நியாயம்

கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர் புதுச்சேரி. இந்த வட்டாரத்தில் பிரான்சில் உறவு வைத்திருக்கும் வீடுகள் பல. அந்த நாடு, ஐரோப்பா தடைசெய்த பூச்சிமருந்துகளைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்பதை 2022 ஜனவரி முதல் சட்டப்படி நிறுத்தியது. எதிர்த்துப் போன வழக்கில், பிறநாட்டு மண்ணுக்கு நேரும் கேட்டையும் கருதிச் சட்டம் இயற்றலாம் என்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

நம் கணக்கு என்ன? கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து பல்லாண்டு தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. ஆனால் கையிருப்பை ஏற்றுமதி செய்ய அதே ஆண்டிலேயே வழிவிட்டது. காப்டபால் என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை இங்கே பயன்படுத்தக்கூடாது, ஏற்றுமதிக்காகத் தயாரிக்கலாம்.

இதை ஆதரிப்போர் சொல்வதில் சாரமில்லாமல் இல்லை. நாட்டுக்கு நாடு பூச்சியும் பயிரும் வேறு. தேங்கிய இருப்பை அழிப்பது செலவும் ஆபத்தும் நிறைந்த வேலை. வாங்கும் நாட்டுக்கும் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை உண்டு. அதற்காகவே, முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் கேட்கும் ரோட்டர்டாம் உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒப்புதல் தருவது அரசு, மருந்தடிப்பவர் கூலியாள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே புழங்கிய மருந்துகளில் ஒன்று டயாபென்தியூரான். தன் வயல்களில் அனுமதிக்காத அதை சுவிட்சர்லாந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்துவந்தது, 2021இல்தான் நிறுத்தியது. ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் ஒரு மருந்தைச் சேர்க்க எல்லா நாடுகளும் இசைய வேண்டும். முறிமருந்தே இல்லாத பாராகுவாட் களைக்கொல்லி அதனால்தான் இன்னும் வெளியே நிற்கிறது. சேர்க்க விடாமல் தடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

பிரான்சின் சட்டத்திலும் ஓட்டை உண்டு. கலந்து அடைத்த மருந்தைத் தடுத்த அது, மூலப்பொருளைத் தெளிவாகத் தடுக்கவில்லை. அந்த வழியாகச் சரக்கு தொடர்ந்து போனது.

தடை விளைச்சலைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு இலங்கை பதில் சொல்கிறது. 2008 முதல் 2011க்குள் பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் மூன்றையும் அது விலக்கியது. நஞ்சருந்திச் சாவோர் குறைந்தார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை.

யவத்மாலுக்காக ஐரோப்பாவிடம் நியாயம் கேட்கும் நாம், நம் துறைமுகத்தைத் தாண்டும் நஞ்சுக்கும் பொறுப்பேற்க வேண்டும். உடல்நலம் கருதித் தடை வந்தால் உற்பத்தியும் நிற்கட்டும். மிச்சத்தைத் தயாரித்தவரே தன் செலவில் அழிக்கட்டும். காசர்கோட்டு முந்திரிக்கு ஆகாதது, வானூர்ப் பக்கத்து முந்திரிக்கும் ஆகாது. கடல் கடந்த எந்தத் தோப்புக்கும் ஆகாது.