வெண்டையும் செம்பருத்தியும்

ஒற்றையடுக்குச் செம்பருத்தியின் முன் நின்று வியப்பவர்கள், அதன் பங்காளியான வெண்டையைக் காயாக மட்டுமே காண்கிறார்களே தவிர, காலை வெயிலில் அது விரிக்கும் இளமஞ்சள் மலரையும், அம்மலரின் ஆழத்தில் சாந்துப்பொட்டு இட்டாற்போல் படிந்திருக்கும் கருஞ்சிவப்பையும் கவனிப்பதில்லை. ஐந்து இதழ்கள், நடுவே மகரந்தம் தாங்கிய தண்டு, ஒரே பகலில் வாடிவிடும் சுபாவம், முன்னதன் இலையைக் கசக்கினாலும் பின்னதன் காயை நறுக்கினாலும் விரலில் இழையும் வழவழப்பு ஆகிய யாவும் இரண்டுக்கும் பொது.

செம்பருத்தி பூஜைக்குப் புஷ்பம் தந்து திருப்தியடைகிறது. வெண்டையோ, பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய சுனை போர்த்த பிஞ்சை நிமிர்த்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் நம்மைக் கூடையோடு வரவழைத்து, நுனியை ஒடிக்கையில் எழும் ‘படக்’கென்ற ஓசையால் தன் இளமைக்குச் சாட்சியும் சொல்கிறது. ஒரு செடிக்கே இடமுண்டெனில் வெண்டையையே நடுங்கள். சௌந்தரியத்திலும் அது குறைந்ததன்று.