வரி முறியும் இடம்

ஒருவகை மின்நூலிலிருந்து இன்னொரு வகைக்குப் பிரதியை மாற்றும்போது எழுத்துகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தப்பாதது எழுத்தைச் சுற்றியிருப்பது: வரியின் முடிவு, உள்தள்ளல், இடைவெளி. இதை அலங்காரம் என்று தள்ளிவிடுகிறவர்களில் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள்.

ஏட்டுச் சுவடியில் வரி என்பது ஓலையின் நீளம், அவ்வளவே. செய்யுளின் அடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புள்ளி கிடையாது, மூலமும் உரையும் கலந்து கிடக்கும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் அச்சுக்குக் கொண்டுவந்தபோது அடிகளைப் பிரிக்க யாப்பு துணைநின்றது. சீரும் தளையும் எதுகையும் அடி முடியும் இடத்தைச் சொல்லிவிடும். ஒரு சீர் விழுந்திருந்தால் விழுந்தது தெரியும். பழம்பாட்டு தன் உருவத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் எந்தக் கோப்பு வடிவத்தில் கிடந்தாலும், அடி தவறினால் யாப்பறிந்தவன் திருத்திக்கொள்ளலாம்.

புதுக்கவிதைக்கு இந்தக் காப்பு இல்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கி, 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பாகத் திரண்ட முயற்சி யாப்பை விட்டபின், கவிஞன் கையில் எஞ்சிய ஸ்தூலமான சாதனம் வரி முறியும் இடம்தான். உரைநடையை ஒடித்துப் போட்டது என்று பண்டிதர்கள் கேலி செய்தார்கள். இன்று யந்திரம் ஒடித்ததை மறுபடி ஒட்டவைத்து, அந்தக் கேலியை நிஜமாக்கிக் காட்டுகிறது. ஒட்டியபின் மூலம் எப்படி இருந்தது என்று ஊகிக்க எந்த இலக்கணமும் உதவாது.

காரணம் எளியது. பி.டி.எஃப். கோப்பில் பொதுவாக எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்கிறது என்ற தகவல்தான் இருக்கும்; வரி, பத்தி என்ற பிரக்ஞை அதற்கு இல்லை. அதை ஈபப் ஆக்கும் நிரல் ஊகம் செய்தாக வேண்டும். காலிபரில் இந்த ஊகத்துக்கு ஓர் எண்ணே உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அது 0.45. நடுத்தர வரி நீளத்தை வைத்து, எந்த வரி அடுத்ததோடு சேரவேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கு அது. உரைநடைக்குப் பொருத்தமானது. குட்டை வரியும் நெட்டை வரியும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வரும் எழுத்தைப் பற்றி அது யோசிக்கவில்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டித்தட்டி உள்தள்ளியிருந்தால், ஈபப்பில் அத்தனை இடைவெளியும் ஒன்றாகச் சுருங்கும். பழைய மோபியிலோ முறையாகக் குறித்த ஓர இடைவெளிகூடப் பல சமயம் நிற்காது.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்து அறையொன்றில், ஒரு தொகுப்பின் அச்சுப் புத்தகத்தையும் மின்பிரதியையும் அருகருகே வைத்து நாலைந்து பேர் வாசித்தோம். மின்பிரதியில் ஒரு கவிதையின் ஏழு வரிகள் மூன்றாகியிருந்தன. இடையில் கவிஞர் விட்டிருந்த மௌனம் போய், ஒரு செய்தி மட்டும் மிஞ்சியது. வெளியிட்டவரைக் கேட்டால், “வார்த்தை ஒன்றும் விடுபடவில்லையே” என்றார். கீழே மார்க்கெட்டில் நுனியிலை வேறு, ஏடு வேறு என்று பிரித்துத்தான் கட்டுகிறார்கள். எல்லாம் வாழையிலைதானே என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

சாய்வெழுத்து போனால் நான் வருந்தமாட்டேன். தமிழுக்கு அது மரபல்ல. பெரும்பாலும் நேரெழுத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துச் சாய்த்ததுதான். ஆனால் ஒப்பனை எது, உடம்பு எது என்பதில் தமிழனுக்கு ஏற்கெனவே ஓர் அநுபவம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் கிடந்தவை ரோமன் குறிகள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழைப் போர்த்தியது. எழுத்துருவைக் களைந்தால் தமிழே போயிற்று. யூனிகோடில் எழுத்து சொந்தக் காலில் நிற்கிறது. வரி இன்னும் நிற்கவில்லை.

வழி இல்லாமலில்லை. ஒவ்வொரு வரியையும் வரி என்றே கோப்பில் குறித்து, சிறிய திரையில் மடங்கும் மிச்சத்தை உள்ளே தள்ளி நிறுத்தினால், மடிந்ததும் முறிந்ததும் வேறுவேறு என்று வாசகனுக்குத் தெரியும். நீளச் சொற்கள் நிறைந்த தமிழுக்கு இது அவசியம். இதைச் செய்யவேண்டியவன் பதிப்பாசிரியன். டெக்னீஷியன் தலையில் கட்டுவது சரியல்ல. அதுவரை, தொகுப்பு கொண்டுவரும் நண்பர்கள் பிரதியோடு வரி எண்ணையும் கொடுத்துவிடலாம்: சங்க நூல் பதிப்புகளின் ஓரத்தில் இருப்பதுபோல, ஐந்து வரிக்கு ஒன்று.