தலைகீழ்ப் படமும் தம்ளரின் விளிம்பும்: மெய்ம்மைச் சித்திரக் கல்வியில் ‘அறியாத கண்’

பென்சில் கொண்டு மெய்ம்மை சார்ந்து வரையக் கற்பிக்கும் நூல்கள் பலவற்றிலும் ஓர் அறிவுரை தவறாது இடம்பெறுகிறது: அறிந்ததை வரையாதே, கண்டதை வரை. இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஜான் ரஸ்கின். 1857இல் வெளிவந்த ‘சித்திரக்கலையின் அடிப்படைகள்’ நூலின் அடிக்குறிப்பொன்றில், பொருள் இன்னதென்று உணராது நிறத்திட்டுகளை மட்டும் காணும் குழந்தைக் கண்ணை மீட்டெடுக்க வேண்டும் என்றார். 1979இல் பெட்டி எட்வர்ட்ஸ் இக்கருத்துக்கு நிகரானதொன்றை நரம்பியல் மொழியில் முன்வைத்தார். சொற்களால் சிந்திக்கும் இடப்பக்க மூளையை ஒதுக்கி வலப்பக்கத்தை இயங்கவிட்டால் எவரும் வரையலாம் என்பது அவர் துணிபு. அவர் சான்றாகக் கொண்ட ரோஜர் ஸ்பெரியின் பிளவுமூளை ஆய்வுகள் இத்துணைப் பெரிய முடிவைத் தாங்குவன அல்ல.

எட்வர்ட்ஸின் புகழ்பெற்ற பயிற்சி, பிக்காசோ 1920இல் வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவப்படத்தைத் தலைகீழாக வைத்துப் படியெடுப்பது. மூக்கு, விரல் எனப் பெயரிட இயலாத மாணவர் கோட்டின் சாய்வையும் இடைவெளியையும் மட்டும் கவனிப்பார். விளைவு அவரையே வியக்க வைக்கும். பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் முப்பரிமாண உடலில் எந்த விளிம்பைக் கோடாக்குவது, எதை விடுவது என்னும் கடினமான முடிவுகளை எல்லாம் பிக்காசோ முன்னரே எடுத்துவிட்டார். மாணவர் எதிர்கொள்வது தட்டையாகிவிட்ட தாளை மட்டுமே.

மேசைமேல் ஒரு தம்ளரை வைத்தால் வேறுபாடு புலனாகும். வாய் வட்டமானது என்று அறிந்தவர் நீள்வட்டத்தை மிக அகலமாக வரைவார். அடி தட்டையானது என்று அறிந்தவர் அடிவிளிம்பை நேர்கோடாக்குவார். இதுவரை ரஸ்கின் கூற்றே சரி. திருத்தம் எங்கிருந்து வருகிறது? கண்மட்டத்துக்குக் கீழே செல்லச் செல்ல நீள்வட்டம் விரியும், ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவினும் மிகும் என்னும் மற்றோர் அறிவே கையைத் திருத்துகிறது. ‘கலையும் மாயத்தோற்றமும்’ (1960) நூலில் கோம்பிரிக் முன்வைத்த மறுப்பும் இத்திசையினதே: ஓவியர் முதலில் ஒரு வாய்பாட்டை இட்டுப் பின்னர் அதனைக் காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்.

சார்ல் பார்கு, ஜெரோமுடன் இணைந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட 197 தட்டுகள் இதனை மறைக்கவில்லை. முதற்பகுதியின் பல தட்டுகளில், சுதைவார்ப்புச் சிலையின் நிழலிட்ட படத்துக்கு அருகிலேயே, வளைவுகள் நேர்கோடுகளாகச் சுருக்கப்பட்ட கட்டமைப்பு வரைவும் உள்ளது. இவையும் தட்டையான தாள்களே. பிக்காசோ படத்துக்குச் சொன்ன குறை இவற்றுக்கும் பொருந்தும். ஆயினும் முடிந்த படத்துக்கு முந்தைய படியைப் பார்கு வெளிப்படையாகக் காட்டுகிறார். 1880இல் பெல்ஜியத்துச் சுரங்கப் பகுதியில் இத்தொகுதியின் கரித்துண்டுப் பயிற்சிகளைப் படியெடுத்த வான்கோ, 1890இல், தம் வாழ்வின் இறுதி ஆண்டில், மீண்டும் அவற்றையே நாடினார்.

தலைகீழ்ப் படத்தில் வென்று தம்ளரில் தோற்கும் மாணவர், தம் மூளையின் ‘வலப்பக்கம்’ விழிக்கவில்லை என்று கருதி பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார். கோட்பாட்டின் பிழைக்கு அவர் விலை கொடுக்கிறார். வேடிக்கை என்னவெனில், ரஸ்கின் தாமே மாணவரிடம் ஒரு கூழாங்கல்லை வரையத் தருமுன், சிறு கட்டங்களைச் சீரான சாயலால் நிரப்பவும், கருமையிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக இறங்கவும் பொறுமை தீருமட்டும் பழக்குகிறார். குழந்தையின் கண்ணுக்கு இப்பயிற்சி எதற்கு என்று அவர் எங்கும் வினவவில்லை.